படகில் ஒரு வாளி

வெர்லின் கோரம் வீட்டில் கழிவறை ஒன்றுதான். சமையலறையை ஒட்டி இருந்தது. நடுவில் மெல்லிய பலகைக் கதவு. உள்ளே நடப்பது அத்தனையும் சாப்பாட்டு மேசைக்குக் கேட்கும். அதனால் யாராவது உள்ளே போனால் அவர் மனைவி ஓரா அத்தை எழுந்துபோய்ப் பாத்திரத் தொட்டிக் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் மற்றது அமுங்கிவிடும் என்று எண்ணம். அமுங்காது.

அன்று குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வரும்போதே அவர்கள் மகள் கார்லீன் உள்ளே இருந்தாள். உருளைக்கிழங்கு வெந்து, வடித்து, உப்பு மீன் மேசைக்கு வந்து, அதன்மேல் பொரித்த பன்றிக்கொழுப்பை ஓரா ஊற்றி, வெர்லின் ஜெபம் சொல்லி முடித்த பிறகும் உள்ளேதான் இருந்தாள். இடையிடையே ஒரு முனகல், பளு தூக்குகிறவர்கள் விடுவது போல. பிறகு கொஞ்சம் தண்ணீராக ஏதோ விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

என் முட்கரண்டியில் இருந்த மீனைப் பார்த்தேன். வெள்ளையாக, ஈரமாக இருந்தது. தின்றேன்.

நான் எதிர்வீடு. என் மனைவிக்கு ஓரா அத்தை முறை. என் மனைவியை அடக்கம் செய்த மறுநாள் இந்த மேசையில் எனக்கு ஒரு தட்டு வைத்தார்கள். பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. நானும் வராமல் இருக்கவில்லை.

"குழாய மூடு ஓரா. கெணத்துல கொஞ்சம் மிச்சம் வை" என்றார் வெர்லின்.

"மூடினா ஒங்களால சாப்பிட முடியாது."

"இப்ப மட்டும் முடியுதா?"

வெர்லினின் தம்பி மகன் ரோடி சிரித்தான். வெர்லினின் படகில் கார்லீனோடு வேலை செய்கிறவன். வாய் நிறைய உருளைக்கிழங்கு. "பெரியப்பா, அக்கா உள்ள முட்ட போடுது போல. அவயத்துக்கு வச்சிடலாமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து கார்லீன் குரல் வந்தது. "ரோடி, வெளிய வந்தேன்னா ஒன் பல்லு தட்டுல கிடக்கும்."

"மொதல்ல வெளிய வா, அப்புறம் பாப்போம்."

"சாப்பிடற எடம்டா" என்றாள் ஓரா. "ரெண்டு பேரும் வாய மூடுங்க."

கார்லீன் வந்தாள். முப்பதைத் தாண்டியவள். தோள் அகலம், ஆண்களைவிட வேகமாக இறால் கூண்டு தூக்குவாள். இப்போது முகம் மெழுகாக இருந்தது. நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளோடு ஒரு வாடையும் வந்து உட்கார்ந்தது. ஓரா அவள் தட்டில் மீனை வைக்கவில்லை. மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியும், கட்டை விரல் அளவுக்கு வெட்டிய பாலாடைக்கட்டியும், ஒரு சின்னக் கோப்பையில் கருப்பு நாவல் நிறத்தில் வீட்டில் போட்ட பெர்ரி ஒயினும் வைத்தாள். பக்கத்தில் மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு மாத்திரை.

"இன்னும் போகுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கசியுதும்மா. நிக்கவே இல்ல."

"பேதிதான். அந்தச் சிப்பிய தின்னாதேன்னேன். குடி, கட்டிடும். திங்கக்கெழமைக்குள்ள கட்டிடணும்."

திங்கட்கிழமை என்றதும் வெர்லின் தலைநிமிர்ந்தார். பிறகு மறுபடி மீனுக்குப் போனார்.

நோவா ஸ்கோஷியாவின் இந்தத் தென்கோடியில் நவம்பரின் கடைசித் திங்கட்கிழமைதான் கூண்டிறக்கும் நாள். சிங்கி இறால் பருவம் அன்று தொடங்குகிறது. விடியும்போது எல்லாப் படகும் ஒன்றாகத் துறையை விட்டுக் கிளம்பும். கடலடியில் எந்தப் பாறைத் தளத்தில் யார் முதலில் கூண்டுகளைப் பரப்பி முடிக்கிறாரோ அந்த இடம் மே மாதம் வரை அவருக்கு. அன்று படகில் ஏறுகிறவர்கள்தான் பருவம் முழுக்க அந்தப் படகின் ஆட்கள். அன்று ஏறாதவருக்கு அந்தப் படகில் இடமில்லை. இது எங்கும் எழுதிவைத்ததல்ல.

வெர்லினுக்கு முழங்கால்கள் போய்விட்டன. வரும் வசந்தத்தில் படகும் உரிமமும் கார்லீன் பெயருக்கு மாறும் என்று துறையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கார்லீன் ஏறாவிட்டால் அடுத்த ஆள் ரோடி. ரோடிக்கு அது தெரியும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவள் கஞ்சி குடிப்பதை அவன் பார்த்த பார்வையில் கவலையைவிட வேறொன்று அதிகமாக இருந்தது.

*

பேதிக்கு முந்தைய கதை எனக்குத் தெரியும். என் மனைவி இருந்த வரை ஓரா அவளிடம் சொல்வாள். அவள் என்னிடம் சொல்வாள், பெரும்பாலும் சாப்பிடும்போது.

படகில் கழிவறை கிடையாது. ஒரு வாளி. பிடிக்குக் கயிறு கட்டியிருக்கும். அதே வாளியில்தான் தளம் கழுவுவார்கள். யாருக்காவது வந்தால் "திரும்பிக்கோ" என்று கத்துவார்கள். மற்றவர்கள் முன்பக்கம் பார்த்து நிற்பார்கள். முடிந்ததும் வாளி கடலுக்குள் போய் வரும். ஆண்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதில் உட்கார்ந்தபடியே சிகரெட்டும் பிடிப்பார்கள், கதையும் சொல்வார்கள்.

கார்லீன் அப்பாவின் படகில் ஏறிய முதல் பருவத்தில், ஒரே ஒரு முறை, "திரும்பிக்கோ" என்று கத்தினாள். எல்லோரும் திரும்பினார்கள். ரோடி திரும்பியபடியே அவள் எழுப்பிய சத்தங்களை வாயால் செய்துகாட்டினான். மறுநாள் காலை படகுக்குப் போனால் வாளியின் கயிற்றில் ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தது. துறை முழுக்கச் சிரித்தது. வெர்லினும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் அந்த வாளியைத் தளம் கழுவ மட்டுமே தொட்டாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள். படகில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டும். விடிகாலையிலிருந்து அந்தி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு பருவம், இரண்டு பருவம் என்று போனது. பிறகு கரையிலும் வரவில்லை. வீட்டுக் கழிவறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். தவிடு தின்றாள், உலர்ந்த பிளம் தின்றாள், விளக்கெண்ணெய் குடித்தாள். "பாதிதாம்மா வருது. மீதி வாசல் வரைக்கும் வந்து நின்னுக்குது. வெளிய வர மாட்டேங்குது" என்று ஓராவிடம் அழுதிருக்கிறாள். சில நாள் கையுறை போட்டுக்கொண்டு விரலை விட்டு எடுத்திருக்கிறாள். அதையும் என் மனைவி சொன்னாள். நான் தட்டை நகர்த்திவைத்தேன்.

*

சனிக்கிழமை கூண்டு ஏற்றினோம். துறை முழுக்கக் கூண்டுகள் வீட்டுயரத்துக்கு நின்றன. தென்மேற்குக் காற்று ஈரமாக வீசியது. இரைக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. உப்பிட்ட ஹெர்ரிங் பீப்பாய் பீப்பாயாக ஊறிக் கிடந்தது. ஓராவும் இன்னும் சில பெண்களும் முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளி வலைப்பைகளில் திணித்தார்கள். கூழாகிப்போன மீன். கண்கள் தனியாக மிதந்தன. அந்த நாற்றம் ஒட்டினால் போகாது. இந்த ஊரில் வெண்ணெயிலும் அது இருக்கும், தலையணையிலும் இருக்கும், கல்யாண உடுப்பிலும் இருக்கும்.

கார்லீன் கூண்டு தூக்கினாள். குனியும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். தண்ணீர் புகாத அவள் எண்ணெய்த்துணிக் கால்சட்டைக்குள் என்னவோ பொதிந்துவைத்திருந்தது நடையில் தெரிந்தது.

"அக்கா வாத்து மாதிரி நடக்குது" என்றான் ரோடி.

"ஒன் வேலைய பாரு."

"ஒன் வேலையயும் நான்தான் பாக்குறேன்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஹெர்ரிங் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாள். மாவுக்கஞ்சி, பெர்ரி ஒயின், பச்சையாக ஏதோ. மீன் கண்களோடு சேர்ந்து அது சுழன்றது. கொட்டகைப் பெண்கள் பின்வாங்கினார்கள். எருவுக்குழி போல ஒரு வாடை எழுந்தது. வாயிலிருந்து வரக்கூடாத வாடை.

ஓரா ஓடிவந்தாள். மீன் கூழ் வழியும் கையைத் துடைக்கக்கூட இல்லை, மகளின் சட்டைக்குள் விட்டு வயிற்றை அழுத்தினாள். முகம் மாறியது.

"வெர்லின், இது கல்லு மாதிரி இருக்கு."

வெர்லின் படகிலிருந்து கத்தினார். "பேதின்னா வீட்டுக்குப் போவச் சொல்லு. இங்க நின்னு இரைய கெடுக்க வேணாம்."

"பேதிக்காரி வயிறு இப்படியா இருக்கும்? வந்து தொட்டுப் பாரேன்."

அவர் வரவில்லை. கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். ஒரு தகப்பனுக்கு அவ்வளவு கயிறு தேவையில்லை.

என் வண்டியில் ஏற்றினோம். இருக்கையில் இரைப் பிளாஸ்டிக் பையைப் பிரித்து விரித்தாள் ஓரா. நகரத்து ஆஸ்பத்திரிக்கு நல்ல தூரம். ஜன்னல்களைத் திறந்துவைத்தும் பயனில்லை. ஓராமேல் ஹெர்ரிங் நாற்றம். கார்லீன்மேல் மற்றது. இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

"வேட் தம்பி, மேடு பள்ளத்துல மெதுவா போ" என்றாள் ஓரா.

"வேகமா போ" என்றாள் கார்லீன். "சாவறதுன்னா அங்க போய் சாவறேன். இந்த வண்டியில வேணாம், நாறுது."

*

ஆஸ்பத்திரியில் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். ஒரு நர்ஸ் கையுறை மாட்டினாள், இரண்டு ஜோடி, ஒன்றின்மேல் ஒன்று. மகளின் கையைப் பிடித்துக்கொள்ள ஓரா உள்ளே போனாள். வாழ்நாள் முழுக்க மீன் குடலோடு வேலை செய்தவள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல தம்பி. அவ தனியா இருக்கா. நீ போ."

"நானா?"

"தலப்பக்கம் நில்லு. கீழ பாக்காதே."

போனேன். தலைப்பக்கம் நின்றேன். கார்லீன் என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்கும்படி.

"ஊதுங்க. மெழுகுவத்திய அணைக்கிற மாதிரி" என்றாள் நர்ஸ். "முக்காதீங்க. முக்க முக்க நீங்களே கதவ சாத்துறீங்க. ம்ம். ஒண்ணு வந்துடுச்சு."

இரும்புக் கிண்ணத்தில் விழுந்தது. கல் விழும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு களிமண்ணைப் பிசைவது போல நீண்ட ஒரு சத்தம். நான் கூரையைப் பார்த்தேன். மூக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெகுநாள் மூடிக்கிடந்த எதையோ தோண்டித் திறந்த நாற்றம் அது. அதற்கு மேலே ஆஸ்பத்திரி மருந்து வாடை. இந்தக் கலவை எனக்குத் தெரியும். என் மனைவியின் கடைசி மாதம் முழுக்க இதுதான். அப்போதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேட்" என்றாள் கார்லீன்.

"ம்."

"ஏதாவது பேசு."

"என்ன பேசுறது?"

"ஒனக்கு என்னதான் தெரியும், அதப் பேசு."

"திங்கட்கிழமை காத்து வடமேற்கா திரும்புதாம்."

"எவ்வளவு?"

"பெரிசா இல்ல."

"அப்ப படகு போகும்" என்றாள். கிண்ணத்தில் மறுபடி விழுந்தது.

பிறகு வந்த டாக்டர் இளம்பெண். தூக்கமில்லாத கண். ஓராவையும் உள்ளே கூப்பிட்டாள்.

"பேதி இல்லம்மா இது. உள்ள கெட்டியா அடைச்சிருந்துது. அதச் சுத்தி ஓரமா கசிஞ்சதத்தான் நீங்க பேதின்னு நெனச்சீங்க. கட்டறதுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

ஓரா வரிசையாகச் சொன்னாள். மாவுக்கஞ்சி, பாலாடைக்கட்டி, பெர்ரி ஒயின், மாத்திரை.

"நல்லா பூசி அடைச்சிருக்கீங்க" என்றாள் டாக்டர். பிறகு கார்லீனிடம், "பல வருஷம் அடக்கியிருக்கீங்க, இல்லையா? தளரவேண்டிய நேரத்துல ஒங்க தசை இறுகுது. அப்படியே பழகிடுச்சு. மருந்து தர்றேன், பயிற்சிக்கும் எழுதறேன். ஆனா முக்கியம் இதுதான். வருதுன்னு தோணினா அந்த நிமிஷமே போகணும். கால கொஞ்சம் ஒசரத்துல வச்சு, மூச்ச விட்டு, முக்காம. அஞ்சு நிமிஷமோ அரை மணியோ, ஆகட்டும். மறுபடி அடக்கினா மறுபடி இங்கதான் வருவீங்க. அடுத்த தடவ கையால எடுக்க முடியலன்னா வயித்தக் கிழிக்க வேண்டியிருக்கும்."

"எனக்குத் தோணறதே இல்ல டாக்டர். எத்தனையோ வருஷமாச்சு."

"இப்ப காலியா இருக்கு. தோணும்."

"எப்ப?"

"அது அதோட இஷ்டம்."

கொஞ்ச நாள் வேலைக்குப் போகக்கூடாது என்றும் சொன்னாள். கார்லீன் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் ஓராவுக்கும் தெரியும்.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து கோழி வறுத்திருந்தார்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை. கார்லீன் கொஞ்சம் சூப் குடித்தாள். பிறகு கரண்டியை வைத்தாள்.

"அப்பா, படகுல ஒரு மறைப்பு வேணும். ஒட்டுப்பலக நாலு, ஒரு கதவு. சுக்கானறைக்குப் பின்னால வச்சா போதும். நானே இன்னிக்கு அடிச்சிடறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியும்."

வெர்லின் கோழிக்காலைச் சப்பிக்கொண்டே சொன்னார். "கூண்டிறக்கற நாள்ல அங்க கூண்டு நிக்கணும்."

"கொஞ்சம் கொறச்சுக்கலாம்."

"கூண்டக் கொறச்சிட்டு அலமாரி வைக்கறதா? துறைல அத்தன பேரும் நிப்பான். பாதிரியார் நிப்பார். இது என்னடா பொட்டின்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

"எம்மகளோட கக்கூஸ்னு சொல்லு."

"ச்சீ. ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம ஒனக்கு வராதா?"

ரோடி சிரிப்பை அடக்கினான். வெர்லின் எலும்பைத் தட்டில் போட்டார். "பதிமூணு வயசுலேர்ந்து நான் அந்த வாளியிலதான் போறேன். எங்கப்பனும் அதே வாளிதான்."

"ஒங்கப்பன் மூலம் வந்து செத்தான்" என்றாள் ஓரா. "கடைசி வருஷம் நின்னுக்கிட்டே சாப்பிட்டான். அவன் துணிய நான்தானே தொவச்சேன்? வாளியப் பத்தி பெரும பேசாத வெர்லின்."

"சாப்பிடற எடத்துல..."

"சாப்பிடற எடம்தான்! நானும் இத்தன நாளும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். அதச் சொல்லிச் சொல்லியே எம்பொண்ணுக்கு மாவ பூசி அடச்சேன்."

கோழிக் கொழுப்பு தட்டுகளில் வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது.

ரோடி தொண்டையைக் கனைத்தான். "பெரியப்பா, அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. வீட்டுல இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

"பாரு, எவ்வளவு பாசம்" என்றாள் கார்லீன்.

"நான் நல்லதுக்குத்தான்..."

"நீ ரிப்பன் கட்டினதும் நல்லதுக்குத்தானே?"

ரோடி காது சிவந்தது. அவன் அதை மறந்திருப்பான் என்று தோன்றியது. கட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வெர்லின் மகளை நேராகப் பார்க்காமல் கேட்டார். "வர்றியா, இல்லியா?"

"வர்றேன்."

"அப்ப வாளிதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வேட், நாளைக்கு ஒரு ஆள் கூட வேணும். அவளால முடியலன்னா கூண்டு தூக்கறதுக்கு. வா."

*

விடிவதற்கு முன்பே துறை நிறைந்திருந்தது. பெரிய விளக்குகள், எஞ்சின் புகை, காப்பிக் குடுவைகளோடு பெண்கள். பாதிரியார் ஒலிபெருக்கியில் ஜெபித்தார். படகுகள் கூண்டுச் சுமையில் நீர்மட்டம் வரை அமிழ்ந்து நின்றன. எங்கள் படகில் கூண்டுகள் தலைக்கு மேல் உயர்ந்திருந்தன. வெறும் தளம் என்று இருந்தது பின்பக்கத்தில் கதவளவு இடம் மட்டும். அங்கேதான் கூண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கடலுக்குள் தள்ளவேண்டும். ஒரு கயிற்றில் வரிசையாகப் பல கூண்டு. முதல் கூண்டு விழுந்தால் கயிறு மற்றவற்றை இழுத்துக்கொண்டு ஓடும். காலைச் சுற்றினால் ஆளும் போவான். அந்த இடத்தில் யாராவது வாளியில் இருந்தால் கயிறு நகரக்கூடாது. இதில் மட்டும் எந்தப் படகும் விளையாடாது.

சமிக்ஞை விழுந்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் உறுமின. துறையிலிருந்து கைகள் அசைந்தன. வெளியே அலை நீளமாக இருந்தது. இரை நாற்றமும் டீசல் நாற்றமும் காற்றில் கலந்தன. கார்லீன் கூண்டுகள்மேல் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

வெர்லினின் பாறைத்தளத்தை எட்டும்போது நல்ல வெளிச்சம். எங்கள் துறையைச் சேர்ந்த எல்ட்ரிட்ஜின் படகு கொஞ்ச தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவனுக்கும் அந்தத் தளத்தின்மேல் கண். முதல் வரிசையைத் தள்ளினோம், மூன்று வரிசை விழுந்தால்தான் இடம் பிடிபடும். கார்லீன்தான் பின்பக்கம். அவள் கை வேகத்தை ரோடியால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. கடைசி மிதவை போனது. வெர்லின் படகைத் திருப்பினார்.

கார்லீன் அசையாமல் நின்றாள். யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல.

"என்ன?" என்றேன்.

"வருது."

"என்ன வருது?"

"எனக்கு வருது, வேட்." அவள் குரலில் பயம் இருந்தது. பிறகு வயிற்றிலிருந்து கத்தினாள். "திரும்பிக்கோங்க!"

சுக்கானறையிலிருந்து வெர்லின் எட்டிப் பார்த்தார். "இப்பவா? எல்ட்ரிட்ஜ் பாறை மேல வர்றான்! இன்னும் ரெண்டு வரிச. அப்புறம் போ."

"அப்புறம் வராது."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி!"

"பொறுத்துதானேப்பா இப்படி ஆச்சு! எஞ்சின நிறுத்து."

அவள் வாளியை எடுத்துவிட்டாள். ஒரு கூண்டைப் படுக்கவைத்துக் காலை அதன்மேல் வைத்தாள். நானும் ரோடியும் திரும்பினோம். எஞ்சின் வேகம் குறைந்து, கடைசியில் வெறுமே இரைந்துகொண்டு நின்றது. படகு மெதுவாகச் சுழன்றது. காற்று இப்போது பின்பக்கத்திலிருந்து எங்கள்மேல் வந்தது.

அவள் ஊதுவது கேட்டது. நீளமாக, மெதுவாக. அலை கூண்டுகளை முனகவைத்தது. வெகுநேரம் வேறு எதுவும் கேட்கவில்லை. ரோடி சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான். பற்றாத தீக்குச்சியைக் கடலில் எறிந்தான்.

வயர்லெஸ் கரகரத்தது. "வெர்லின், என்ன நின்னுட்டே? எஞ்சின் போச்சா?" எல்ட்ரிட்ஜ்.

வெர்லின் ஒலிவாங்கியை எடுத்தார். "ஒண்ணுமில்ல. ஹைட்ராலிக் குழாய் ஒண்ணு பாத்துட்டிருக்கோம்."

"எங்கிட்ட மாத்துக் குழாய் இருக்கு. இரு, வர்றேன்."

"வேணாம், வேணாம்."

"இன்னிக்கு ஒருத்தன் நின்னா விட்டுட்டுப் போவனா? பக்கத்துல வந்து கட்டறேன்."

அவன் படகு எங்கள் பக்கமாக மூக்கைத் திருப்பியது. கூண்டிறக்கும் நாளில் நின்ற படகைக் கடந்து போகிறவனை இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். அவனுக்கு வேறு வழியில்லை. அவன் படகில் நான்கு ஆண்கள் கூண்டுகள்மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

"அப்பா" என்றாள் கார்லீன். ஊதல் நின்றுவிட்டது. "அவன் வர்றானா?"

வெர்லின் நெருங்கிவரும் படகையே பார்த்தார்.

"அப்பா, மூடிக்குது. பாதியில நிக்குது. மூடிக்குதுப்பா."

நான் வெர்லினைப் பார்த்தேன். அவர் முகம் மேசையில் அன்று இருந்தது போலவே இருந்தது. அருவருப்பு. மகளின்மேலா, எல்ட்ரிட்ஜ்மேலா, தன்மேலா, சொல்ல முடியாது. படகு நெருங்கியது. அவர் ஒலிவாங்கியை வாயருகே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்ட்ரிட்ஜ், கிட்ட வராதே. ஹைட்ராலிக் நல்லாத்தான் இருக்கு." மூச்சு விட்டார். "எம்மக வெளிக்குப் போறா. அவ முடிக்கிற வரைக்கும் இங்கதான் நிப்போம். எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

அந்த அலைவரிசையில்தான் எல்லாப் படகும் இருந்தன. கரையில் பெண்கள் சமையலறை வயர்லெஸ் பெட்டிகளில் கேட்பதும் அதைத்தான். யாரோ ஒருவன் பொத்தானை அழுத்திச் சிரித்தான், பாதியில் விட்டான்.

"சரி" என்றான் எல்ட்ரிட்ஜ். "மெதுவா போகட்டும்."

அவன் படகு திரும்பியது. நேராக எங்கள் பாறைத்தளத்துக்குப் போய்க் கூண்டுகளைத் தள்ள ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக விழும் சத்தம் தண்ணீர்மேல் வந்தது. வெர்லின் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா காலத்திலிருந்து அவர்களுடைய இடம் அது.

பின்னால் ஊதல் மறுபடி தொடங்கியது. பிறகு அது வந்தது. சத்தத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை. நாற்றம் காற்றோடு வந்து முகத்தில் அறைந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்றதையெல்லாம் கடலில் கொட்டினேன். ரோடி மூக்கைக் கையுறையால் பொத்திக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது. இரைக் கையுறை அது, இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கார்லீன் பின்னால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை.

வயர்லெஸ்ஸில் ஒரு பெண் குரல். ஓரா. எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்துதான் பேசினாள்.

"வெர்லின், போச்சா?"

வெர்லின் திரும்பாமல் கேட்டார். "கார்லீன், ஒங்கம்மா கேக்கறா."

"சொல்லுப்பா."

"போச்சு ஓரா."

"முழுசாவா?"

அவர் தயங்கினார். பின்னால் பார்க்கவும் முடியாது, கேட்கவும் வாய் வரவில்லை.

"முழுசா!" என்று கார்லீன் கத்தினாள், ஒலிவாங்கி வரை எட்டும்படி.

நாங்கள் அன்று மீதிக் கூண்டுகளைச் சேற்றுத் தளத்தில் இறக்கினோம். அங்கே எப்போதும் பாதி கூண்டு வெறுமையாகத்தான் வரும். பருவம் முழுக்க அப்படித்தான் வந்தது. அதைப் பற்றி வெர்லின் யாரிடமும் குறை சொன்னதில்லை. அன்று மதியம் அவர் சுக்கானை விட்டு இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கூண்டு தள்ளப் பின்பக்கம் வந்து நின்றார்.

"நீ போய்ச் சுக்கானப் பிடி" என்றார் மகளிடம். "எனக்கு இங்க வேல இருக்கு."